புடலம்பந்தல் குகையும் டப்பாசுக்காய்ச் சண்டையும்: ஆடி முதல் மார்கழி வரை

கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளின் கொல்லை எப்படி இருக்கும் என்று பலருக்குத் தெரிந்திருக்கும். அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி. எங்கள் கொல்லையில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, மூலையில் கிணறு, சுவரோரம் அரளி. மீதி இடமெல்லாம் சும்மா கிடந்தது. காய்கறியும் வேண்டும், ஆறு வயது மகளும் மூன்றரை வயது மகனும் டிவியை விட்டு எழுந்து அங்கே போகவும் வேண்டும் என்று ஆனி கடைசியில் வேலையை ஆரம்பித்தேன்.

விதைப்பதற்கு முன்னால் எடுக்க வேண்டியவற்றை எடுத்தோம். கிணற்றுக்கு இரும்புக் கம்பி வலை மூடி போட்டுப் பூட்டும் போட்டாயிற்று. அரளி வேரோடு போனது. பூ, இலை, பட்டை, வேர் எல்லாமே விஷம். எருக்கும் போனது, அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. வேலியில் குன்றிமணிக் கொடி ஏறியிருந்தது. "பல்லாங்குழி ஆட ஆகுமேடா, ஏன் பிடுங்குற?" என்று அம்மா தடுத்தார். சிவப்பும் கறுப்புமாய் மினுக்கும் அந்த விதையை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, சின்னவன் எதையும் வாயில் வைத்துப் பார்க்கிற வயசு என்றதும் அவரே அரிவாளை எடுத்து வந்தார்.

ஆடியில் புடலை. வழக்கமான தட்டைப் பந்தலுக்குப் பதிலாக மூங்கில் பிளாச்சுகளை வளைத்து இரண்டு பக்கமும் மண்ணில் ஊன்றி, மேலே கொடி வலையைப் போர்த்திக் கட்டுக்கம்பியால் இறுக்கினோம். பார்க்க மாட்டுவண்டிக் கூண்டு மாதிரி, உள்ளே நடந்துபோகலாம். கம்பி முனைகளை வெளிப்பக்கமாக மடக்கி விடுவது முக்கியம், இல்லாவிட்டால் குழந்தைகளின் தலைமுடியையும் சட்டையையும் இழுக்கும். புடலையில் கோ 2 குட்டை ரகம், கோ 1 நீள ரகம். சமையலுக்குக் குட்டைதான் வசதி. எனக்கு வேண்டியதோ பாம்பு மாதிரித் தொங்குகிற காய், அதனால் கோ 1. விதைத்தோல் கெட்டி என்பதால் ராத்திரி முழுக்க ஊற வைத்து மறுநாள் ஊன்றினோம்.

புடலை முளைத்துக் கொடி ஓட நாளாகும். மூன்றரை வயசுக்கு அவ்வளவு பொறுமை ஏது? தினமும் மண்ணைத் தோண்டி 'வந்துடுச்சா' என்று பார்க்க ஆரம்பித்தான். அவனுக்காகத் தனியாக ஒரு சின்ன பாத்தி போட்டு, அவன் பெயரின் முதல் எழுத்தை விரலால் கீறி, அந்தக் கோட்டில் வெந்தயத்தைத் தூவினோம். வெந்தயத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். பச்சை எழுத்து எழும்பியதும் தெருவில் இருக்கிற அத்தனை பேரையும் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினான். அதைக் கிள்ளிக் கூட்டு வைத்த அன்று 'என் எழுத்தைத் தின்னுட்டீங்க' என்று அழுகை. மறுபடி தூவினோம்.

ஆவணியில் பந்தல் பாதி மூடியது. புடலம்பூவை ராத்திரி பார்த்ததில்லை என்றால் ஒருமுறை டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். வெள்ளைப் பூவின் இதழ் விளிம்பிலெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, யாரோ சரிகை பின்னி விட்ட மாதிரி இருக்கும். சாயங்காலத்துக்கு மேல்தான் விரியும், அந்துப்பூச்சிகள் வரும். சாப்பாட்டுக்குப் பிறகு டார்ச்சோடு ஒரு சுற்று என்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. இந்தத் தோட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

காய் இறங்கியதும் நுனியில் சின்னக் கல்லை நூலில் கட்டித் தொங்கவிடும் பழைய வழக்கம் உண்டல்லவா, காய் சுருளாமல் நேராக இறங்குவதற்காக? கல் பொறுக்கும் வேலை மகளுடையது. ஒவ்வொரு கல்லுக்கும் சுண்ணாம்பால் கண் வைத்தாள், ஒவ்வொரு காய்க்கும் பெயர் வைத்தாள். தம்பியைப் பக்கத்தில் நிறுத்தி யார் நெட்டை என்று வாரா வாரம் அளவு வேறு. காய் ஜெயித்தபோது அவன் அதைக் கடித்துவிட்டான். அதில் சில காய்கள் முற்றிப்போய் விதைக்குத்தான் ஆயின, பெயர் வைத்ததை அறுக்க விடமாட்டார்களே!

பந்தல் முடிகிற இடத்தில், கிணற்றுக்கு எட்டத்தில், ஆற்றுமணல் ஒரு குவியல். அம்மா பரணில் இருந்து என் தங்கையின் மரச் சொப்புகளை எடுத்துக் கொடுத்தார். கூடவே கொட்டாங்கச்சி, பழைய கரண்டி, ஓட்டை விழுந்த ஈயச் சட்டி. மண்சோறு, பூவரச இலையில் பரிமாறல், அப்பாயிக்கு முதல் பந்தி. மகள் மணலில் வீடு கட்டுவதும் சின்னவன் காலால் இடித்துவிட்டு ஓடுவதும் தினப்படி நடக்கும். பிள்ளைத்தமிழில் 'சிற்றில் சிதைத்தல்' என்று ஒரு பருவமே இதற்கு இருக்கிறது. பூனைத் தொல்லைக்காக ராத்திரி மணலைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுகிறோம்.

வர்ணம் அடித்த டயர், பிளாஸ்டிக் கொக்கு எல்லாம் வாங்கி வைத்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. டயரில் இப்போது புதினா.

புரட்டாசியில் கறிவேப்பிலைக் கன்றில் காக்கை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. தட்டிவிடப் போன மகள், அது நகர்வதைப் பார்த்துக் கத்தினாள். கறிவேப்பிலை அழகி வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது எச்சம் போல வேஷம், வளர்ந்தால் இலைப்பச்சை. குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு சட்டென்று நீளும், கூடவே ஒரு காட்டமான நெடி. ஒரு கிளையை விட்டுக்கொடு என்று அம்மாவிடம் கெஞ்ச வேண்டியிருந்தது, ரசத்துக்கு அவர் அந்தச் செடியைத்தான் நம்பியிருக்கிறார். புழு இடுப்பில் நூல் கட்டிக்கொண்டு கூடாக மாறியது. ஒருநாள் காலையில் கறுப்புச் சிறகு கசங்கிப்போய்த் தொங்கியது, உலர உலர விரிந்தது. பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்தும் மகள் நகரவில்லை. 2019-ல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது இதைத்தானா என்று கேட்டாள். அது தமிழ் மறவன், மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் போனால்தான் பார்க்கலாம் என்றேன். உடனே மலைக்குப் போக வேண்டுமாம்.

ஐப்பசி மழையில் பாதிச் செடி அழுகியது. ஆனால் வேலியோரம் தானாக முளைத்த டப்பாசுக்காய்ச் செடிதான் அந்த மாதத்தின் நாயகன். ஊதாப் பூ காலையில் மலர்ந்து மதியத்துக்குள் உதிர்ந்துவிடும். காய்ந்த பழுப்புக் காயைத் தண்ணீரில் போட்டால் சில நொடி சத்தமில்லை, அப்புறம் டப்! நுனி நனைந்ததும் காய் இரண்டாகப் பிளந்து விதையைத் தெறிக்கவிடும். விதை ஈரம் பட்டால் பசை மாதிரி ஒட்டும், சட்டையில் ஒட்டிக்கொண்டு வகுப்பறை வரை போனது. நாங்கள் சின்ன வயதில் எச்சில் தொட்டு வெடித்தோம், இவர்களுக்கு டம்ளர் தண்ணீர். முகத்துக்கு நேரே பிடிக்கக் கூடாது என்பது மட்டும் சட்டம். மழைக்காலத்தில் இன்னொரு வேலையும் உண்டு: மண்சோற்றுக் கொட்டாங்கச்சிகளைக் கவிழ்த்து வைப்பது. டெங்கு கொசுவுக்கு அதில் தேங்கும் தண்ணீரே தாராளம். 'கொசு போலீஸ்' என்று பட்டம் கொடுத்ததும் சின்னவன் பக்கத்து வீட்டு வாளியையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டான்.

அந்திமந்தாரை பற்றிச் சொல்லாமல் விட்டேனே. அது விரிந்தால் விளையாடப் போகலாம் என்பது எங்கள் கடிகாரம், மழை மூட்டத்தன்று சீக்கிரமே விரிந்து வீட்டுப்பாடத்தைக் கெடுக்கும். விதை மிளகு மாதிரியே இருக்கும், ஆனால் விஷம். உதிர உதிரப் பொறுக்கி எடுத்துவிடுகிறேன்.

இப்போது மார்கழி. புடலை ஓய்ந்துவிட்டது, காய்ந்த கொடியை அறுத்து மூடாக்காகப் பரப்பியிருக்கிறேன். அதே கூண்டில் தையில் பாகல் ஏற்றலாம் என்று எண்ணம். பாகற்காய்க்கு ஓட்டுப் போட வீட்டில் என்னைத் தவிர ஆளில்லை, பீர்க்கு என்றால் இரண்டு ஓட்டு. நுழைவாசலை மட்டும் இரண்டடிக்குத் தாழ்த்த வேண்டும், பெரியவர்கள் உள்ளே வரக் கூடாது என்று மகள் சொல்கிறாள். காய் யார் பறிப்பது என்றேன். "நாங்க பறிச்சு வெளியில நீட்டுவோம்ப்பா, நீ கூடையைப் புடிச்சுக்க" என்றாள். சரி, மூங்கில்காரரிடம் குட்டைப் பிளாச்சாகக் கேட்டிருக்கிறேன்.