பதக்கத்துக்கு முன்னால் குழந்தை

விளையாட்டுப் பயிற்சிக்கு வரும் சிறுவர் சிறுமியரை வருங்கால வெற்றியாளர்களாக மட்டுமே பார்க்கும் வழக்கம் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்கிறது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை ஓய்வுக்கான உரிமையையும், வன்முறையிலிருந்து பாதுகாப்பையும், தன்னைப் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்லும் உரிமையையும் உறுதிசெய்கிறது. பயிற்சிக்கூடத்தின் வாசலோடு இவை முடிந்துவிடுவதில்லை.

வளரும் எலும்பின் முனையருகே உள்ள வளர்ச்சித் தட்டு குருத்தெலும்பால் ஆனது என்பதால், ஒரே அசைவை ஓய்வின்றித் திரும்பத் திரும்பச் செய்யும்போது அது எளிதில் காயமடைகிறது. வலிக்கிறது என்று சொல்லும் குழந்தையைச் சோம்பேறி என்று அதட்டும் பயிற்சியாளர் அந்தக் காயத்தை நிரந்தரப் பாதிப்பாக மாற்றிவிடக்கூடும். எடையைக் குறைப்பதற்காகப் பட்டினி போடுவதும் அத்தகையதே, அதைக் கண்டிப்பு என்று அழைப்பதை என்னால் ஏற்கவே முடியாது.

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 15 வயதுச் சிறுமி ஒருவர் ஊக்கமருந்துச் சர்ச்சையின் நடுவே உலகத்தின் கண்முன் தடுமாறி விழுந்த சில மாதங்களில், பனித்தளத்தில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கின் சீனியர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதைப் படிப்படியாக 17 ஆக உயர்த்துவதற்குச் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் வாக்களித்தது. வயது வரம்பு மட்டும் போதாது. பயிற்சியாளரையோ தேர்வுக்குழுவையோ சாராத ஒருவரிடம் குழந்தை அச்சமின்றி முறையிடும் வழி ஒவ்வொரு விளையாட்டுச் சங்கத்திலும் இருக்க வேண்டும்; முறையிட்டதற்காக அக்குழந்தை அணியிலிருந்து நீக்கப்படக் கூடாது என்பது விதியாகவே எழுதப்பட வேண்டும்.