தவிலின் பின்னே போகும் கிளிக்

நாகஸ்வரம், தவில் செட் ஸ்டுடியோவுக்கு வந்தால் முதல் வேலையாகக் கிளிக்கை, அதாவது காதில் சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் சத்தத்தை, நிறுத்திவிடுவேன். ஹெட்ஃபோனில் அது ஓடினால் கணக்கு பிசகாது, சரி. ஆனால் பல்லவி சூடுபிடிக்கும்போது வாசிப்பு தானாக முன்னே தாவுமே, அது வராது. "தாளம் போடறவர் பக்கத்துல உட்காரட்டும் தம்பி, எங்களுக்கு அது போதும்" என்பார் தவில்காரர். எனக்கும் அது போதும்.

அப்புறம்தான் என் வேலை. அதன்மேல் ஸ்டிரிங்ஸ், பேஸ், திரும்பத் திரும்ப ஓடும் லூப் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சேர்க்க வேண்டும். பதிவான தவிலை வெட்டி இழுத்து, சம இடைவெளியில் கோடு போட்ட கம்ப்யூட்டரின் கட்டத்துக்குள் உட்கார வைக்கலாம். நான் அதைத் தொடுவதில்லை. பூவரசங்கம்பு தோலில் படும் அந்த முதல் சில மில்லிசெகண்டில்தான் அடியின் கூர்மை இருக்கிறது. இழுத்தால் மழுங்கிவிடும். தவில் மைக்கில் நாகஸ்வரமும் கசிந்திருக்கும். அதுவும் கூடவே கெடும். அதனால் தவிலை விட்டுவிட்டுக் கட்டத்தை வளைக்கிறேன். டெம்போ மேப்பிங் என்பது அதுதான்.

2018-இல் லாஜிக் என்ற ஆப்பிளின் ஒலிப்பதிவு மென்பொருளில் ஸ்மார்ட் டெம்போ வந்தது. வாசித்த வேகத்தை அதுவே கண்டுபிடித்துத் தரும். ஆதி தாளத்தில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. சில சமயம் இரட்டிப்பாகக் காட்டும், பாதியாக்கினால் தீர்ந்தது. மிஸ்ர சாபுதான் கஷ்டம். அதில் ஏழு அட்சரம், அதாவது ஏழு சம அளவு எண்ணிக்கை. தட்டுகள் மூன்று, இரண்டு, இரண்டு என்று விழும். எல்லாத் தட்டும் சம இடைவெளி என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டால், நிதானமாகப் போகிற பாட்டுக்கும் வேகம் ஏறி இறங்குவதாக எழுதி வைத்துவிடும்.

அங்கே கையால்தான் செய்கிறேன். 7/8 என்று வைத்துக்கொண்டு, ஜால்ராவின் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, சமம், அதாவது தாளச் சுற்றின் முதல் தட்டு, விழும் இடங்களில் மட்டும் புள்ளி. ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) 2.1 விநாடி என்றால் டெம்போ 100 (இரண்டு அட்சரத்தை ஓர் அடியாக எண்ணி, நிமிடத்துக்கு இத்தனை அடி). அடுத்தது 2.04 விநாடியில் முடிந்தால் கிட்டத்தட்ட 103. காதுக்குத் தாவலாகக் கேட்டது இந்த மூன்றுதான். அடிக்கு அடி புள்ளி வைத்தால் இன்னும் துல்லியமாகும் என்று தோன்றும். வைத்தால் லூப் தள்ளாடும், டெம்போவோடு கட்டிய எக்கோ நடுங்கும். ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசித்து முடிக்கும் தீர்மானத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் தொடங்கும் இடத்தில் தனித்தனியாக வைப்பேன். அங்கே கை நிஜமாகவே ஓடும். ஆலாபனைக்கு மேப்பே கிடையாது. தாளம் இல்லாத இடத்தில் எதை அளப்பது?

கடைசியாக வயலின்காரர்கள் வருவார்கள். இப்போது கிளிக் உண்டு, ஆனால் அது தவிலின் பின்னே போகும் கிளிக். அதை மட்டும் காதில் கொடுத்தால், எப்போது வேகம் மாறும் என்று தெரியாமல் வில் தயங்கும். தவிலை நன்றாக ஏற்றி, கிளிக்கை அதன் அடியில் லேசாக வைப்பேன். இரண்டு ஆவர்த்தனத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். சிலர் பிறகு கிளிக்கையே எடுத்துவிடச் சொல்கிறார்கள். சந்தோஷமாக எடுத்துவிடுகிறேன்.