கொம்புக்குள் வெளிச்சம்

கொம்பை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். உள்ளே விட்ட விரலின் நிழல் வெளியே தெரிந்தது.

போதும். இதற்கு மேல் சுரண்டினால் ஓட்டைதான்.

வெடிமருந்துக் கொம்பு. பழைய துப்பாக்கிக்கான மருந்தைப் போட்டு வைக்கும் மாட்டுக் கொம்பு. இங்கே பென்சில்வேனியாவில் பக்கத்து வீட்டுப் பெரியவர் பழைய பாணி வேட்டைப் பை ஒன்றைக் கொடுத்தார். குண்டும் சக்கிமுக்கிக் கல்லும் போட்டுக்கொள்ளும் தோல் பை. கொம்பு இல்லாமல் தொங்கினால் அது பாதிப் பைதானாம்.

இரண்டு வாரமாக முடி கருகிய வாடை. முடியும் நகமும் கொம்பும் ஒரே சரக்காயிற்றே!

அகன்ற வாயைக் கொதிநீரில் இளக்கி, மரக்கூம்பைச் செருகி வட்டமாக்க வேண்டும். அப்புறம் மர அடைப்பு, சுற்றிலும் சின்ன ஆணிகள். நுனிப்பக்கம் கெட்டி. அதில் துளை போட்டு உள்பொந்தைப் பிடிப்பதுதான் கண்டம். முதல் கொம்பில் துளை பக்கவாட்டில் வெளியே வந்துவிட்டது. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

கொம்புக்குள் தண்ணீர் புகாது, அது தீப்பொறி கிளப்பாது. மெலிதாகச் சுரண்டிவிட்டால் மருந்து எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். 1754 முதல் 1763 வரை இங்கே பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில், சிப்பாய்கள் கொம்பிலேயே ஆறு, கோட்டை, பாதை என்று வரைபடம் கீறிக்கொண்டார்கள். பேரையும் சேர்த்து. தொலைந்தால் யாருடையது என்று தெரிய வேண்டுமே.

என் பேரைத் தமிழில் கீறப்போகிறேன். 'ழ' இல்லாத பேர், தப்பித்தேன்.

ஒரே சிக்கல் நிறம். பை பழைய வெல்லம் மாதிரி, கொம்போ பளீர் வெள்ளை. வெங்காயத் தோல் வேகவைத்த தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறேன்.

மனைவி எட்டிப் பார்த்து, "இது ராத்திரிக்கா?" என்றாள்.