செகாம்புட் தண்ணீரில் நின்ற மைவி

ஏப்ரல் மாதக் கோலாலம்பூர் மழை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட இந்த மாதங்களில் காலையில் சுள்ளென்று வெயில் காயும், பிற்பகலில் இடியோடு கொட்டித் தீர்க்கும். அன்றைக்கு மூன்றரைக்கே வானம் கறுத்துவிட்டது. "அக்கா, கிளம்புங்க" என்று பக்கத்து மேசைப் பெண் சொன்னாள். ஒரு கணக்கை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தேன். முடிக்கும்போது ஐந்தே கால்.

வேலை செகாம்புட்டில், வீடு செந்தூலில். சாதாரண நாளில் இருபது நிமிடம். மழை அதற்குள் பாதி விட்டிருந்தது. அதுதான் ஏமாற்று வேலை. மழை குறைந்தாலும் கால்வாய் குறைவதில்லை, மேட்டிலிருந்து வடிந்து வருகிற தண்ணீர் அப்போதுதான் பள்ளத்துக்கு வந்து சேரும். ஜாலான் செகாம்புட்டில் வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. முன்னால் தேத்தாரே (ஆற்றிய பால் தேநீர்) நிறத்தில் சாலை முழுக்கத் தண்ணீர்.

சாலை நடுவே கறுப்பும் வெள்ளையுமாகச் சாயம் அடித்த கட்டைகள் இருக்கிறதே, அதைப் பார்த்து ஆழம் சொல்லிவிடலாம் என்று என் கணவர் அடிக்கடி சொல்வார். கட்டையின் தலை தெரிந்தால் மெதுவாகப் போகலாம், கட்டையே தெரியாவிட்டால் திரும்பிவிடு. எனக்கு முன்னால் சிறிது தூரம் வரை கட்டை தெரிந்தது. அதற்கப்பால் தெரியவில்லை. அந்த இடத்தில் நான் கட்டையைப் பார்க்காமல் முன்னால் போன ஹைலக்ஸ் பிக்கப் வண்டியைப் பார்த்தேன். அது தாராளமாகப் போனது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். நானும் இறக்கினேன்.

ஹைலக்ஸ் நிற்கிற உயரம் என்ன, என் மைவி நிற்கிற உயரம் என்ன? மைவி மாதிரி சின்ன வண்டிகளுக்கு ஓர் அடித் தண்ணீர் ஓடினாலே டயர் பிடி விடத் தொடங்கிவிடும். ஆனால் என்னை நிறுத்தியது ஓட்டமில்லை, அலை. எதிர்ப்பக்கம் ஒரு லாரி வேகமாக வந்தது. அது கிளப்பிய தண்ணீர் பானெட் மேல் ஏறி இறங்கியது. எஞ்சின் ஒருமுறை இருமி நின்றுவிட்டது. வைப்பர் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கை தானாகச் சாவிக்குப் போனது. யாருக்கும் போகும்.

அந்த நேரத்தில், பெட்ரோல் நிலையக் கூரையடியில் ஒதுங்கியிருந்த ஒரு மலாய்க்காரத் தம்பி, மழைக்கோட்டுக்குள்ளிருந்து கையை ஆட்டிக் கத்தினார்: "கக்! ஜாங்கான் ஸ்டார்ட்! ஜாங்கான்!" அக்கா, ஸ்டார்ட் பண்ணாதே என்கிறார். கையை எடுத்துவிட்டேன். ஏன் பண்ணக்கூடாது என்று எனக்கு அப்போது தெரியாது. கத்திய விதத்தில் பயந்து எடுத்ததுதான்.

காரணத்தைப் பிறகு பட்டறைப் போர்மேன் அண்ணன் சொன்னார். காற்று போகிற வழியாக எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறியிருந்தால், மறுபடி சாவியைத் திருப்பும்போது பிஸ்டன் அந்தத் தண்ணீரை அழுத்தப் பார்க்கும். காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். விட்டுக்கொடுப்பது பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராட். அது வளைந்தால் எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டும். "ஒரு தடவை திருப்பியிருந்தா நீங்க வேற எஞ்சினுக்குக் காசு பார்க்க வேண்டியிருக்கும் அக்கா" என்றார்.

கதவைத் திறந்ததும் தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. செருப்பு ஒன்று மிதந்து போனது. பின்னிருக்கைக்குக் கீழே அன்று காலை வாங்கிய பத்து கிலோ அரிசிப் பை. அது நினைவுக்கு வந்தது, ஆனால் திரும்பிப் போய் எடுக்கத் துணிவில்லை. நியூட்ரலில் போட்டு, அந்தத் தம்பியும் இன்னும் இருவரும் தள்ளிப் பெட்ரோல் நிலைய மேட்டில் ஏற்றினார்கள். மூவருக்கும் நான் வாங்கிக்கொடுத்தது மைலோ ஐஸ் மட்டும்தான். பெயர்கூடக் கேட்கவில்லை.

அடுத்த அரை மணி நேரத்தில் செய்தவற்றில் இரண்டு மட்டும் உருப்படியானவை. ஒன்று, படம் எடுத்தது. கதவில் சேறு விட்டுப்போன கோடு, நம்பர் பிளேட், உள்ளே தரையில் தேங்கிய தண்ணீர், சுற்றிலும் மூழ்கிய சாலை, எல்லாம். இரண்டாவது, அழைக்காமலே பக்கத்தில் வந்து நின்ற இழுவை லாரிக்காரரை அனுப்பிவிட்டது. "தூரம் கம்மி, நம்ம வொர்க்‌ஷாப்புதான், காப்புறுதியை நாங்களே பார்த்துக்கறோம்" என்று இனிக்க இனிக்கப் பேசினார். காப்புறுதி நிறுவனத்தின் அவசர எண்ணுக்குக் கூப்பிட்டால் குறிப்பிட்ட தூரம் வரை இழுவை இலவசம். அதோடு வண்டி அவர்கள் ஏற்றுக்கொண்ட பட்டறைக்கே போகும். வேறு எங்காவது போய்விட்டால் அதை மீட்பதே தனிக் கதை. காத்திருந்தது இரண்டே கால் மணி நேரம். வீட்டுக்குப் போக இரவு ஒன்பதரை.

நல்ல வேளையாக, சாலை வரி புதுப்பிக்கும்போது காப்புறுதி ஏஜென்ட் அக்கா விடாப்பிடியாக ஒரு கட்டத்தை டிக் பண்ண வைத்திருந்தார். 'ஸ்பெஷல் பெரில்ஸ்' என்று அதற்குப் பெயர். விரிவான காப்புறுதி எடுத்தால் வெள்ளமும் அடங்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அடங்காது. வெள்ளம், நிலச்சரிவு, புயல் போன்றவற்றுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். என் வண்டிக்கு அது அறுபது சொச்சம் ரிங்கிட். அதற்குக்கூட நான் முகம் சுளித்தேன். "2021 டிசம்பர் ஞாபகம் இல்லையாம்மா? ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலே கூரை வரைக்கும் தண்ணி" என்று அவர் சொன்ன பிறகே சரி என்றேன்.

மறுநாள் காலை செந்தூல் போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட். எங்கே, எத்தனை மணிக்கு, தண்ணீர் எவ்வளவு உயரம், எப்படி நின்றது என்று நான்கைந்து வரி. எழுதியவர் கடைசியில் தலையை உயர்த்தி, "நீங்கதான் உள்ளே ஓட்டினீங்களா, நின்ற வண்டியில் தண்ணீர் ஏறினதா?" என்று கேட்டார். ஓட்டினேன் என்றேன். பொய் சொல்லித் தப்பிக்கலாம் என்று அத்தை மகன் முந்தின இரவே யோசனை சொல்லியிருந்தான். மழை நாளில் மூன்று கேமரா இருக்கிற சாலையில் என்ன பொய் சொல்வது?

சேதத்தை மதிப்பிடுகிற அட்ஜஸ்டர் பட்டறைக்கு வந்தபோது நானும் போய் நின்றேன். அவர் முதலில் கேட்டது: மறுபடி ஸ்டார்ட் பண்ணீங்களா? இல்லை என்றதும் ஏதோ குறித்துக்கொண்டார். போர்மேன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றிக் காட்டினார். பிளக் ஓட்டையிலிருந்து புஸ் என்று ஒரு வாய்த் தண்ணீர் பீச்சியது. அவ்வளவுதான். ராட் தப்பித்தது. பிறகு ஆட்டோ கியர் எண்ணெயை இறக்கினார். நல்ல நிலையில் அது மாணிக்கச் சிவப்பாக இருக்க வேண்டும். பாத்திரத்தில் விழுந்தது ரோஸ் சிரப்பில் பால் கலந்த அசல் சிராப் பண்டோங், அதே ரோஸ் நிறம், மேலே நுரையோடு. "குடிக்கிறீங்களா?" என்றார் போர்மேன். எண்ணெயில் தண்ணீர் கலந்தால் இப்படித்தான் பால் ஊற்றினாற்போல் ஆகுமாம். மூன்று முறை புது எண்ணெய் விட்டு விட்டு இறக்கிய பிறகே நிறம் திரும்பியது.

இதற்கிடையில் கனடாவின் கால்கரியில் இருக்கும் அக்கா மகன் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் விசாரித்தான். "சித்தி, இங்கே பனிக்கட்டியில வழுக்கினா பிரேக்கைக் குத்தாதேன்னு பாடம். அங்கே தண்ணியில நின்னா சாவியைத் திருகாதேயா?" அவன் ஊரில் குளிர்காலத்துக்கென்று தனி டயர் போடுகிறார்கள். ஏழு பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிச் சாலையைப் பிடிக்காதாம். இரவில் எஞ்சின் உறையாமல் இருக்க வண்டியை மின்சாரத்தில் வேறு சொருகி வைக்கிறான். "காடிக்குமா கைபேசி மாதிரி சார்ஜர்?" என்று அம்மா கேட்டது எங்கள் குழுவில் ஒரு வாரம் ஓடியது. அவர்களுக்கு நவம்பர் வந்தால் பனி வரும் என்று தெரியும், டயரை மாற்றிக்கொள்கிறார்கள். நமக்கு மழை எந்த மதியம் எந்தத் தெருவில் நிற்கும் என்று தெரியாது. ஆனால் டயர் விஷயம் இரண்டு ஊருக்கும் பொது. என் முன் டயர்களில் தடம் சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டரைத் தொட்டுக்கொண்டிருந்ததைப் போர்மேன்தான் காட்டினார். அந்தத் தடத்தோடு நெடுஞ்சாலை மழையில் தொண்ணூறில் போயிருந்தால் தண்ணீர்மேல் சறுக்கியிருப்பேன், எஞ்சின் நிற்கும்வரை காத்திருந்திருக்கவே வேண்டாம்.

பணக் கணக்கு. இதைத்தான் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பழுது பார்த்த செலவு மொத்தம் 4,800 ரிங்கிட் ஆனது. அதில் புதுப் பாகங்கள் மட்டும் 3,200. என் மைவிக்குப் பத்து வயது தாண்டிவிட்டதால் பாகங்களின் விலையில் 40 விழுக்காட்டை நானே கட்ட வேண்டும் என்றார்கள். 'பெட்டர்மென்ட்' என்று பெயர். பழையதைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுவதால் உனக்கு லாபம், அதனால் பங்கு கொடு என்ற நியாயம். வண்டிக்கு ஐந்து வயதானால் 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்தில் 40 ஆகிறது. ஆக என் கையிலிருந்து 1,280. அதோடு என்.சி.டி. என்கிற கிளைம் பண்ணாததற்கான தள்ளுபடியும் போனது. ஐந்து ஆண்டுக்கு மேல் கிளைம் பண்ணாமல் சேர்த்து வைத்திருந்த 55 விழுக்காடு தள்ளுபடி பூஜ்ஜியம். அடுத்த ஆண்டு 0, அதற்கடுத்து 25, 30, 38.33, 45 என்று ஏறி மறுபடி 55ஐத் தொட வேண்டும்.

ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தள்ளுபடியில்லாத பிரிமியம் ஆயிரம் ரிங்கிட் என்று வைத்தால், இந்த ஐந்து ஆண்டுகளில் நான் கூடுதலாகக் கட்டப் போவது சுமார் 1,370. ஆகக் காப்புறுதி எனக்குக் கொடுத்தது 3,520, பின்னால் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப் போவது 1,370. நிகரம் இரண்டாயிரத்துச் சொச்சம். கிளைம் பண்ணியது சரிதான். ஆனால் செலவு இரண்டாயிரத்துக்குள் வந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு கையிலிருந்து கட்டியிருப்பேன். தாளை எடுத்து எழுதாமல் கிளைம் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

வண்டி கைக்கு வர ஐந்து வாரம். நிறுவனத்திலிருந்து ஒப்புதல் கடிதம் வரவே மூன்று வாரம் ஆனது. நான் கூப்பிடாத நாளில் கோப்பு நகரவில்லை, கூப்பிட்ட நாளில் "நாளைக்கு" என்றார்கள். கிராப் வாடகை வண்டிக்கு ஆன செலவை யாரும் கொடுக்கவில்லை, நானும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் மனசு கெடும்.

மழை வந்தால் இப்போது அலுவலகத்துக்குக் கீழே உள்ள மாமாக் உணவுக்கடையில் உட்கார்ந்துவிடுகிறேன். மழை விட்டும் இன்னும் முக்கால் மணி நேரம். தேத்தாரே இரண்டு ரிங்கிட் அறுபது காசு, பெட்டர்மென்ட் கிடையாது.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. தரைவிரிப்பைக் கழற்றி வெயிலில் காயப்போட்டார்கள், இருக்கைகளை இறக்கி மருந்தடித்துக் கழுவினார்கள். இருந்தும் ஏசியைப் போட்டால் முதல் இரண்டு நிமிடத்துக்கு ஊறின அரிசி வாசனை. பை மூழ்கிக் கிழிந்து அரிசி எங்கெல்லாம் போய் ஒளிந்ததோ. என் மகன் இப்போது அதற்கு 'இட்லி மாவு காடி' என்று பெயர் வைத்திருக்கிறான், பள்ளிக்கூட வாசலில் சத்தமாகவே சொல்கிறான்.