கிற்றாருக்கு மாட்டெலும்பு: எடுப்பதும் நிறமேற்றுவதும்

நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் துண்டு), சாடில் (பிரிட்ஜில் கம்பிகள் தங்கும் துண்டு) இரண்டுக்கும் மாட்டின் கீழ்க்கால் எலும்புதான் சரி. சுவர் தடிப்பு, நல்ல அடர்த்தி. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இறைச்சிக்கடையில் முதல்நாளே சொல்லிவையுங்கள், முழுசாக வேண்டுமென்று. குளக்கட்டில் வெயிலில் வெளுத்துக் கிடப்பதை எடுக்க வேண்டாம். உள்ளே மயிர்வெடிப்பு ஓடியிருந்தால் கம்பிப் பள்ளம் அராவும்போது பிளக்கும்.

இரு முனையையும் அரிந்து மச்சையை வழித்தெடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஊறவிடுங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதப்பது நிற்கும் வரைக்கும் நாள்தோறும் மாற்ற வேண்டும், இரண்டு மூன்று கிழமை போனாலும் பரவாயில்லை. மிஞ்சிய கொழுப்புத்தான் பின்னர் நிறத்தைத் திட்டுத்திட்டாக்குவது. தளதளவென்று கொதிக்கவிட்டால் கொலாஜன் கரைந்து எலும்பு நொய்ந்துவிடும், குளோரினும் அப்படித்தான். வெளுக்க 3% ஐதரசன் பேரொட்சைட் போதும். காயவைப்பது நிழலில், நாய் எட்டாத உயரத்தில்.

நட்டுக்கு ஏறக்குறைய 6 மி.மீ., சாடிலுக்கு 3 மி.மீ. தடிப்பு, உங்கள் கிற்றாரின் பள்ளத்தை அளந்தே வெட்டுங்கள். தூள் நுரையீரலுக்குக் கூடாது, முகக்கவசம் கட்டாயம்.

சாயம் மேற்பரப்பில்தான் நிற்கும். ஆகவே கம்பிப் பள்ளம் உட்பட எல்லாம் முடித்து, 600 இலக்க சாண்ட் பேப்பரும் போட்ட பிறகே நிறம். 200 மி.லீ. சுடுதண்ணீரில் 3 மேசைக்கரண்டி தேயிலை, சீனி இல்லாமல். வடித்து, ஆறியதும் ஓரிரவு போட்டுவையுங்கள். காய்ந்தால் நிறம் சற்று மங்கும், ஒரு படி கடுமையாகவே எடுங்கள். மஞ்சள்தூள் வேண்டாம், வெளிச்சத்தில் வெளிறிவிடும்.