போர்ட்லாந்தில் தனியாக ஒரு வார இறுதி

குடையை விரித்தால் இங்கே வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஒரேகான் மாநிலத்தின் போர்ட்லாந்தில் நவம்பர் மழை கொட்டுவதில்லை, நாள் முழுக்கச் சிணுங்குகிறது. ஊர்க்காரர்கள் தலையை மூடும் மழைக்கோட்டோடு சாவகாசமாக நடக்கிறார்கள்.

இந்த ஊர் பீரின் பெருமை தண்ணீரில் தொடங்குகிறது. புல் ரன் நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்து 1895 முதல் குழாய்வழி வரும் மென்னீர் அது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பயிரும் பக்கத்து வில்லமெட் பள்ளத்தாக்கிலேயே விளைகிறது. காய்ச்சும் இடத்திலேயே விற்கலாம் என்று 1985இல் சட்டம் வந்ததும் மதுச்சாலைகள் பெருகிவிட்டன. நான் குடித்தது கறுப்பு பீர்; காப்பிக் கசப்பு, மழைக்குப் பொருத்தம்.

ஆனால் மனம் கவர்ந்தவை நகர மையத்தின் வெண்கலக் குடிநீர் ஊற்றுகள். மர வணிகர் சைமன் பென்சன் 1912இல் 10,000 டாலர் கொடுத்து 20 ஊற்றுகளை வைக்கச் செய்தார். தொழிலாளர்கள் பகலில் பீர் தேடிப் போகாதிருக்கத்தான் என்றொரு கதை உண்டு. பாவம் மனிதர், எந்த ஊரில் போய்!

மாலை முழுவதும் பவல்ஸ் புத்தகக் கடையில். ஒரு தெருச் சதுரத்தையே அடைத்து நிற்கும் கடை. “கிளம்பலாமா?” என்று நச்சரிக்க ஆளில்லை, மாநிலத்தில் விற்பனை வரியும் இல்லை. பை கனத்துவிட்டது.