பிபி இருக்கிற பொண்ணு மாசமானா நர்ஸக்காவா, டாக்டரம்மாவா?

ஏற்கனவே பிபியோ சுகரோ தைராய்டோ இருக்கிற பொண்ணு மாசமானா எங்க ஊர்ப்பக்கம் வீட்டுல மொத பேச்சே யார்ட்ட காட்டுறதுங்கிறது தான். மாமியார் ஒரு பக்கம் "நம்ம நர்ஸக்கா இருக்காங்க, பிஹெச்சில நல்லா பாக்குறாங்க, நானெல்லாம் மூணு பெத்தேன் அப்படித்தான்"னு சொல்லுவாங்க, வீட்டுக்காரர் இன்னொரு பக்கம் "இவளுக்குத்தான் பிபி இருக்கே, டவுன்ல பெரிய டாக்டரம்மாட்ட போறோம், இனிமே நர்ஸ் எதுக்கு"ன்னு சொல்லுவாரு. என் தங்கச்சி விசயத்துல இந்த ரெண்டு பேச்சும் ஒரே வீட்டுல ஒரே நாள்ல நடந்துச்சு. அவளுக்கு 27 வயசுலயே பிபி கண்டுபிடிச்சாச்சு, தினமும் மாத்திரை, எங்கப்பாவுக்கும் இருந்துச்சு அதனால எங்களுக்கு அது புதுசில்ல.

என்னைய கேட்டா, என்ன மருந்து, எவ்வளவு டோஸ், பிரசவம் எப்ப, எங்க, இந்த நாலையும் டாக்டர் தான் முடிவு பண்ணனும். நாள்பட்ட வியாதி இருக்கிற பொண்ணுக்கு இதுல விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனா டாக்டர்ட்ட போயாச்சுன்னு நர்ஸக்காவ விட்டுட்டா அது பெரிய இழப்பு, ஏன்னா டாக்டர் பாக்குறது மாசத்துக்கு ஒரு தடவ, கடைசியில ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, பிபி ஏறுறது அந்த ரெண்டு செக்கப்புக்கும் நடுவுல வீட்டுல சும்மா உக்காந்திருக்கும்போது தான்.

நர்ஸக்கான்னு நான் சொல்றது கிராம சுகாதார செவிலியர், விஹெச்என். சுமாரா 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதுக்கு இவங்க. பிரசவம் பாக்கவும் சேத்து பயிற்சி எடுத்தவங்க தான், இப்ப பிரசவமெல்லாம் பிஹெச்சில ஸ்டாஃப் நர்ஸ் பாத்துக்குறதால இவங்க வேலை பெரும்பாலும் பதிவு பண்றது, வீட்டுக்கு வந்து பாக்குறது, ஊசி, இரும்புச்சத்து மாத்திரை இதெல்லாம். 2018 டிசம்பர்ல மத்திய அரசு மிட்வைஃப், அதாவது பிரசவம் பாக்குறதுக்குன்னே பயிற்சி எடுத்தவங்க, அந்த சேவைக்குன்னு தனியா வழிகாட்டுதல் போட்டாங்க, நர்ஸ்களுக்கு 18 மாசம் கூடுதல் பயிற்சி குடுத்து சிக்கல் இல்லாத பிரசவத்தை அவங்களே முழுசா பாக்குற மாதிரி. சிக்கல் இல்லாத பிரசவம், அதை கவனிங்க. பிபி, சுகர், இதய வால்வு பிரச்சினை இருக்கிறவங்களுக்கு அது பொருந்தாது. மிட்வைஃப் பாத்தா நல்லதுன்னு சொல்ற ஆராய்ச்சிய எடுத்துக்கிட்டாலும் அப்படித்தான், பல ஆய்வுகள சேத்துப் பாத்து முடிவு சொல்ற காக்ரேன் தொகுப்பு 2016ல வந்துச்சு, அதுல 15 ஆய்வு, 17,674 பொண்ணுங்க, ஒரே மிட்வைஃப் குழு கடைசி வரைக்கும் கூட இருந்தா குறைமாசப் பிரசவம் குறையுது, தாய்க்கும் திருப்தியா இருக்குன்னு வந்துச்சு, ஆனா பெரிய மருத்துவச் சிக்கல் இருக்கிறவங்களுக்கு இதை அப்படியே எடுத்துக்கக் கூடாதுன்னு அதை எழுதினவங்களே சொல்லியிருக்காங்க. அதனால நர்ஸ் மட்டும் போதும்னு சொல்றவங்கள நான் ஒத்துக்க மாட்டேன்.

இப்ப தங்கச்சி கதைக்கு வர்றேன். நாள் தள்ளிப்போய் கிட்ல ரெண்டு கோடு வந்ததும் பதிவு பண்ண அந்த அக்கா வீட்டுக்கு வந்தாங்க. பிக்மி நம்பர், அதாவது கர்ப்பத்த அரசாங்கத்துல பதிவு பண்ற நம்பர் போட்டாத்தான் பொறப்புச் சான்றிதழ், கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் குடுக்குற முத்துலட்சுமி ரெட்டி திட்டப் பணம் எல்லாம், அதனால அதுக்கு மட்டும் எல்லாரும் நர்ஸ கூப்பிடுவாங்க. வந்தவங்க "ஏம்மா வேற என்ன மாத்திரை போடுற, அட்டைய எடுத்துட்டு வா"ன்னாங்க. இவ எடுத்துக் குடுத்தது டெல்மிசார்டன். பிபிக்கு நம்மூர்ல நெறைய பேருக்கு எழுதிக் குடுக்குற மாத்திரை தான், ஆனா கர்ப்பத்துல ஆகாது, முக்கியமா நாலாவது மாசத்துக்கு மேல குழந்தையோட கிட்னிய பாதிச்சு பனிக்குட நீர கொறச்சிரும். அந்த அக்கா தானா எதையும் நிப்பாட்டச் சொல்லல, வேற எதுவும் குடுக்கவும் இல்ல, "இன்னைக்கு சாயங்காலமே டாக்டரம்மாட்ட இந்த அட்டைய காட்டு, நாளைக்குன்னு வைக்காத"ன்னு சொல்லி போறதுக்குள்ள வீட்டுக்காரருக்கு போன் போட வச்சிட்டாங்க. டாக்டரம்மா அன்னைக்கே கர்ப்பத்துல குடுக்குற பிபி மாத்திரையான லேபெட்டலாலுக்கு மாத்துனாங்க, 12 வாரம் ஆனதும் சின்ன டோஸ்ல ஆஸ்பிரினும் ஆரம்பிச்சாங்க, கர்ப்பத்துல பிபி முத்திப்போய் ஆபத்தாகுறத அது ஓரளவுக்கு தடுக்கும். கண்டுபிடிச்சது ஒருத்தர், மாத்துனது இன்னொருத்தர். இதுல யாரு வேணாம்னு சொல்லுவீங்க?

அஞ்சாவது மாசம் இன்னொரு கூத்து. பிபி 116/74. வீட்டுல எல்லாருக்கும் சந்தோசம், சரியாயிருச்சு மாத்திரைய நிப்பாட்டிரலாம், இங்கிலீஷ் மருந்து குழந்தைக்கு நல்லதில்லன்னு ஆரம்பிச்சுட்டாங்க. நடு மாசத்துல யாருக்குமே பிபி கொஞ்சம் எறங்கும், ரத்தக்குழாய் தளர்றதால, கடைசி மூணு மாசத்துல திரும்ப ஏறும், இத அந்த அக்கா எங்கம்மாட்ட பொறுமையா உக்காந்து சொன்னாங்க. டாக்டரம்மா டோஸ கொறச்சாங்க, நிப்பாட்டல. முன்னாடியெல்லாம் லேசான பிபிக்கு கர்ப்பத்துல மருந்து குடுத்தா குழந்தை எடை கொறையும்னு நெறைய டாக்டருங்களே தயங்கினாங்க, 2022ல அமெரிக்காவுல 2,408 கர்ப்பிணிகள வச்சு நடந்த சாப் ஆய்வுல 140/90க்கு கீழ வச்சிருந்தவங்களுக்கு சிக்கல் கொறஞ்சது, குழந்தை எடை ஒண்ணும் பாதிக்கலன்னு தெளிவாச்சு.

ஏழாவது மாசம் வளைகாப்பு, அப்புறம் தாய்வீடு. இந்த எடத்தத்தான் யாரும் பேசுறதில்ல. புருசன் வீட்டுல இருந்து அம்மா வீட்டுக்கு வந்தா நர்ஸே மாறிடுறாங்க, வேற துணை சுகாதார நிலையம், வேற ஆளு, அந்தப் பொண்ணோட உடம்ப பத்தி ஒண்ணும் தெரியாது. பிபி ஏறுற மாசமும் அதே தான்! எங்க அதிர்ஷ்டம், அந்த அக்கா இங்க இருக்கிற நர்ஸுக்கு அவங்களே போன் பண்ணி "ஒரு ஹை ரிஸ்க் பொண்ணு வருது, தாய் சேய் நல அட்டையில சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன், வாரா வாரம் பிபி பாருங்க"ன்னு பிக்மி நம்பரையும் குடுத்துட்டாங்க.

36 வாரம் முடிஞ்ச சமயம் இவளுக்கு தலைவலி. வெயில்னு அம்மா நெனச்சாங்க, மூஞ்சி கொஞ்சம் உப்பியிருந்ததயும் நல்லா சாப்புடுறா பூசியிருக்குன்னு தான் நெனச்சோம். இங்க இருக்கிற நர்ஸ் வழக்கம்போல வந்து பாத்தா 164/112, அஞ்சு நிமிசம் உக்கார வச்சு, கால தொங்கப் போடாம தரையில ஊனச் சொல்லி, பேசாம இருக்கச் சொல்லி திரும்பப் பாத்தாங்க, அதே தான். யூரின்ல அல்புமின் ரெண்டு ப்ளஸ், அதாவது புரதம் நெறைய வெளிய போகுது, பிபி முத்திட்டதுக்கு அறிகுறி. அடுத்த டாக்டர் அப்பாயிண்ட்மென்ட்டுக்கு இன்னும் நாள் இருந்துச்சு, அதுவரைக்கும் இருந்திருந்தா ஃபிட்ஸ் வந்திருக்கலாம், மூளையில ரத்தக்கசிவு கூட வந்திருக்கலாம், நெனச்சா இப்பவும் எனக்கு கை நடுங்குது.

ஆனா அதுக்கப்புறம் நடந்தது எதுவும் நர்ஸ் கையில இல்ல. பிஹெச்சி டாக்டர் பிபிய எறக்க நிஃபெடிபின் குடுத்து, ஃபிட்ஸ் வராம இருக்க மெக்னீசியம் சல்ஃபேட் ஊசிய ரெண்டு பக்க இடுப்புலயும் போட்டு 108ல மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினாங்க. அங்க பிளேட்லெட், லிவர், கிட்னி டெஸ்ட் எல்லாம் பாத்து இதுக்கு மேல காத்திருக்க முடியாதுன்னு வலி வர வச்சாங்க. மாமியார் பயந்தது எல்லாம் இதுக்குத்தான், டாக்டர்ட்ட போனா கத்தி வச்சிருவாங்கன்னு. அந்த பயத்துல அர்த்தமே இல்லன்னு சொல்ல மாட்டேன், 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுல தமிழ்நாட்டுல 44.9 சதவீதம் பிரசவம் சிசேரியன். இவளுக்கு சுகப்பிரசவமாவே ஆச்சு, ஆனா சிசேரியன் பண்ணியிருந்தாலும் நான் சரின்னு தான் சொல்லியிருப்பேன். கொழந்த பொறந்ததும் ரத்தப்போக்க கட்டுப்படுத்த போடுற ஊசியில கூட பாருங்க, மெத்தில் எர்கோமெட்ரின் பிபிய ஏத்திரும், இவளுக்கு ஆக்ஸிடோசின் மட்டும் தான்னு கேஸ் ஷீட்ல பெருசா எழுதியிருந்தாங்க, லேபர் வார்டு நர்ஸ் அத வாய்விட்டு படிச்சு உறுதி பண்ணிட்டுத்தான் போட்டாங்க.

கொழந்த வெளிய வந்துட்டா பிபி பிரச்சினை முடிஞ்சதுன்னு நெனைக்கிறாங்கல்ல, அது தப்பு. பிரசவத்துக்கப்புறம் மூணுல இருந்து ஆறாவது நாளுக்குள்ள தான் பிபி உச்சத்துக்கு போகும், அது சரியா டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வர்ற நேரம், எல்லாரும் கொழந்தைய பாக்க வர்ற நேரம், தாய யாரும் பாக்காத நேரம். நாலாவது நாள் வீட்டுக்கு வந்தோம், அஞ்சாவது நாள் அந்த நர்ஸ் வந்து கொழந்தைய எடை போடுறதுக்கு முன்னாடி இவ கையில தான் பிபி பட்டைய சுத்துனாங்க. 156/102. ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி டாக்டர் சொல்லி மாத்திரை டோஸ கூட்டினாங்க, பால் குடுக்குறதுக்கு பிரச்சினை இல்லாத மாத்திரை தான். டிஸ்சார்ஜ் பேப்பர்ல "ரெண்டு வாரம் கழிச்சு வரவும்"னு தான் இருந்துச்சு, அந்த நர்ஸ் வரலன்னா அதுவரைக்கும் இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

லண்டன்ல இருக்கிற எங்க அத்தை மகளுக்கு சின்ன வயசுல இருந்து டைப் 1 சுகர், அவ ரெண்டாவது கொழந்தை அங்க தான். அங்க வழக்கமா மிட்வைஃப் தான் பிரசவமே பாக்குறாங்க, சுகர் இருக்கிறவங்களுக்கு மட்டும் டாக்டர், சுகர் ஸ்பெஷலிஸ்ட், சுகருக்குன்னே பயிற்சி எடுத்த மிட்வைஃப், டயட்டீஷியன் எல்லாரும் ஒரே கிளினிக்ல உக்காந்திருப்பாங்களாம். ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ அந்த டீமோட பேசியே ஆகணும்னு அங்க வழிகாட்டுதல்லயே இருக்கு. பிரசவத்த 38 வாரம் 6 நாளுக்குள்ள முடிக்கணும்ங்கிறத டாக்டர் சொன்னாங்க, ஆனா ராத்திரி சுகர் எறங்கி வேர்த்துக் கொட்டினப்ப அவ மறுநாள் காலையில மெசேஜ் போட்டது மிட்வைஃபுக்கு, கொழந்த பொறந்த ஒடனே இன்சுலின கொறைக்கணும், இல்லன்னா சுகர் படுபாதாளத்துக்கு போகும்னு முன்கூட்டியே எழுதி வச்சு கூட நின்னதும் அவங்க தான். ஆபத்தான கர்ப்பம்னு முத்திரை விழுந்ததும் அங்க மிட்வைஃப் காணாம போறதில்ல, இன்னும் நெருங்கி வர்றாங்க. நமக்கும் இது ஆகாத காரியமில்ல, விஹெச்என் ஏற்கனவே இருக்காங்க, 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல பிபி சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, மாசாமாசம் 9ஆம் தேதி கர்ப்பிணிகள டாக்டர் பாக்குற முகாம் இருக்கு. எல்லாம் தனித்தனியா ஓடுது. பிபி மாத்திரை வாங்குற 18ல இருந்து 40 வயசு பொண்ணுங்க பட்டியல் அந்தந்த ஊர் விஹெச்என் கையில இருந்தா, கர்ப்பம் தரிக்கிறதுக்கு முன்னாடியே டெல்மிசார்டன் மாதிரி மாத்திரைய டாக்டர்ட்ட சொல்லி மாத்திரலாம்.

டவுன்ல கிளினிக் வச்சிருக்கிற டாக்டர்கள்ட்டயும் ஒரு வேண்டுகோள். தங்கச்சி காட்டுன எடத்துல பிபி எவ்வளவுன்னு அவங்க ஃபைல்ல மட்டும் தான் எழுதுவாங்க, தாய் சேய் நல அட்டைய நீட்டுனா "அது கவர்மென்ட் அட்டைம்மா"ன்னு திருப்பிக் குடுத்துருவாங்க. தயவு செஞ்சு அதுலயும் ஒரு வரி எழுதுங்க, என்ன மாத்திரை, எவ்வளவு, பிபி எத்தனைக்கு மேல போனா உங்களுக்கு போன் பண்ணனும்னு. மாசமா இருக்கிறவங்க, தாய்வீட்டுக்கு கெளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு ஊரு நர்ஸோட நம்பரையும் அதே அட்டையில எழுதி வச்சுக்கோங்க, டிஸ்சார்ஜ் ஆகுற அன்னைக்கே ஆஸ்பத்திரி வாசல்ல இருந்தே அவங்களுக்கு போன் போட்டு நாளைக்கு பிபி பாக்க வரச் சொல்லிருங்க.